கேள்விகளை விட்டுச் சென்றவர்: கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன்

(வைத்தியர், பழைய மாணவி, தெல்தெனிய)

எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவிலுள்ள அக்கா கேட்டார். வைத்தியர் என்பதால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால் என் மனமோ ஒன்பதாம் வகுப்பின் கரும்பலகைக்குப் போய்விட்டது.

தெல்தெனியவில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, திகன, குண்டசாலை வழியாக வந்து, மணி அடிக்கும் நேரத்துக்கு மூச்சு வாங்க வகுப்புக்குள் நுழையும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. ஒரு நாள் எமது கணித டீச்சர் கரும்பலகையின் மூலையில் மூன்று வரிகள் எழுதினார். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று ஆகியவற்றைப் பெருக்கினால் 24. ஒன்று கூட்டினால் 25. அது 5இன் வர்க்கம். ஐந்திலிருந்து அவ்வாறே பெருக்கினால் 120. ஒன்று கூட்டினால் 121. அது 11இன் வர்க்கம். ஏழிலிருந்து பெருக்கினால் 5,040. ஒன்று கூட்டினால் 5,041. அது 71இன் வர்க்கம். இவ்வாறு வரும் நான்காவது எண்ணைக் கண்டுபிடித்து வருபவருக்குப் பரிசு என்றார். ஒரு கிழமை முழுவதும் இடைவேளையிலும் பஸ்ஸிலும் பெருக்கிக் கொண்டிருந்தோம். ஒருவருக்கும் அகப்படவில்லை. கடைசியில்தான் டீச்சர் சொன்னார், நான்காவது எண் உண்டா இல்லையா என்பது உலகில் எவருக்குமே தெரியாது என்று. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடை இல்லாத கணக்கும் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்தக் கேள்வியைப் பிரான்சு நாட்டவரான புரோகார் 1876இலும் 1885இலும் எழுப்பினார். அதை அறியாமல், 1913இல், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த ஓர் இளைஞரும் அதையே கேட்டார். அவரே ஸ்ரீநிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில், தாயாரின் பெற்றோர் வீட்டில் இராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சேலைக் கடையொன்றில் கணக்கெழுதுபவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுபவர். இரண்டு வயதில் அம்மை நோய் கண்டும் உயிர் தப்பிய பிள்ளை அவர். பத்து வயதில் ஆரம்பப் பரீட்சையில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். நகர உயர்நிலைப் பாடசாலையில் படிக்கும்போது, ஏறத்தாழ பதினைந்து வயதில், கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூலொன்று அவர் கைக்குக் கிடைத்தது. பரீட்சைக்குத் தயாராகும் ஆங்கில மாணவருக்காகச் செய்யப்பட்ட நூல் அது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் நிரல் நிரலாக இருந்தன. நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. வேறொரு பிள்ளையாக இருந்தால் மனப்பாடம் செய்திருக்கும். இவரோ ஒவ்வொரு சூத்திரத்தையும் கேள்வியாக எடுத்துக்கொண்டு, தானே நிறுவிப் பார்த்தார். அப்படியே நூலைத் தாண்டியும் போய்விட்டார்.

அந்தப் பயணத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் புலமைப்பரிசிலோடு சேர்ந்தவர், கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் விட்டு அதை இழந்தார். மறு ஆண்டில் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். இன்றைய உயர்தரத்தோடு ஒப்பிடக்கூடிய எப்.ஏ. பரீட்சையில் இரண்டு முறை தோற்றியும் சித்தியடையவில்லை. அவரைக் கவிழ்த்த பாடங்களில் ஒன்று உடற்றொழிலியல் என்று பின்னாளில் வாசித்தபோது, அதே பாடத்தோடு பேராதனையில் போராடிய எனக்குச் சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது.

பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை. 1909இல் தாயார் அவருக்குத் திருமணம் செய்து வைத்தார். மணமகள் ஜானகிக்கு அப்போது வயது பத்து. மறு ஆண்டு சத்திர சிகிச்சையொன்று அவசியமானபோது குடும்பத்திடம் பணம் இருக்கவில்லை. வைத்தியர் ஒருவர் இலவசமாகச் செய்து கொடுத்தார். சுகமானதும் கணிதக் குறிப்பேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் தொடக்கிய இராமசுவாமி ஐயரும், நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவும் அந்தக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, இவர் சாதாரணமானவர் அல்லர் என்று கண்டுகொண்டனர். இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபா கொடுத்து உதவினார். 1912 மார்ச்சில் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது.

இந்தக் காலத்தில்தான் அவர் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் வாசகர்களுக்குக் கேள்விகள் வெளியிடத் தொடங்கினார். தம் வாழ்நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளை அவர் அங்கே தந்திருக்கிறார். முதலில் வந்தவற்றுள் ஒன்று, வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றி நீளும் ஒரு கோவையின் பெறுமதி என்ன என்பது. மாதக்கணக்காக எவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே விடையை வெளியிட்டார். அது வெறும் 3.

1913இல் கேட்ட இன்னொன்றை இந்த மலரை வாசிக்கும் எவரும் விளங்கிக்கொள்ளலாம். இரண்டைத் திரும்பத் திரும்ப இரண்டால் பெருக்கி, வரும் எண்ணிலிருந்து 7ஐக் கழியுங்கள். 8இலிருந்து கழித்தால் 1, 16இலிருந்து 9, 32இலிருந்து 25, 128இலிருந்து 121. எல்லாம் முழு வர்க்கங்கள். அதன் பின் நீண்ட இடைவெளி. 32,768இலிருந்து கழித்தால் 32,761. அது 181இன் வர்க்கம். இந்த ஐந்தையும் தவிர வேறு உண்டா என்பதே கேள்வி. வேறு இல்லை என்று நோர்வே நாட்டவரான நாகெல் 1948இல் நிறுவினார். கேட்டவர் இறந்து 28 ஆண்டுகளின் பின் விடை வந்து சேர்ந்தது. எமது டீச்சர் எழுதிய அந்த மற்றக் கேள்விக்கு இன்றுவரை வரவில்லை.

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு இரு கணிதப் பேராசிரியர்களுக்கு எழுதியும் பயன் கிடைக்கவில்லை. பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள் நிறைந்த அந்தக் கடிதத்தை ஹார்டி முதலில் ஏமாற்று வேலை என்று சந்தேகித்தார். அன்றிரவே லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தபோது, இவற்றைக் கற்பனை செய்து எழுத எவராலும் முடியாது என்று இருவரும் முடிவுக்கு வந்தனர். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாப் புலமைப்பரிசில் கொடுத்தது. பட்டமில்லாத ஒருவருக்கு அப்படிக் கொடுத்தது அந்நாளில் பெரிய காரியம். 1914 மார்ச் 17ஆம் திகதி அவர் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் கழிந்த ஐந்து ஆண்டுகளில் அவர் செய்தவற்றில் ஒன்றை மாத்திரம் இங்கே சொல்கிறேன். நான்கு மாம்பழங்களைக் குவியல்களாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? நான்கும் ஒரே குவியலாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனியாக. ஆக ஐந்து விதம். பழங்களின் தொகை கூடக்கூட இந்த எண்ணிக்கை மலைபோல வளரும். 100 பழங்களுக்கு 19 கோடியைத் தாண்டிவிடும். இதைக் கணக்கிட இராமானுஜனும் ஹார்டியும் 1918இல் ஒரு வழியைக் கண்டனர். மக்மஹோன் என்ற ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி 200 வரை கையாலேயே கணித்து அட்டவணை தயாரித்திருந்தார். அவர்களது சூத்திரத்தை அந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

அந்த அட்டவணையை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். இராமானுஜன் மட்டுமே அதில் ஒன்றைக் கவனித்தார். 4 பழங்களுக்கு 5 விதம், 9க்கு 30, 14க்கு 135, 19க்கு 490. 4இல் அல்லது 9இல் முடியும் எண்களுக்கு விடை எப்போதும் ஐந்தால் வகுபடுகிறது. 7க்கும் 11க்கும் இதேபோன்ற ஒழுங்குகள் இருந்தன. சிலவற்றை அவரே நிறுவினார். அதற்கு அப்பால் ஐந்து, ஏழு, பதினொன்று ஆகியவற்றின் அடுக்குகளுக்கும் இது பொருந்தும் என்று ஊகம் சொன்னார். அந்த ஊகத்தில் ஒரு பகுதி பிழை. 1934இல் சௌலா என்ற இந்தியக் கணிதர், 243 என்ற எண்ணுக்கு அது பொருந்தவில்லை என்று காட்டினார். ஏழுக்கான ஊகத்தை வாட்சன் திருத்தி 1938இல் நிறுவினார். பதினொன்றுக்கானதை அட்கின் 1967இல் நிறுவினார். இதற்கிடையில், 1944இல், டைசன் என்பவர் வேறொன்றைக் கேட்டார். விடை ஐந்தால் வகுபடுகிறதென்றால், அந்தப் பிரிப்புகளை ஐந்து சமமான கூட்டங்களாக ஒழுங்குபடுத்தி நேரிலேயே காட்ட முடியாதா? அதற்கு அவர் ஒரு வழியும் சொன்னார். பதினொன்றுக்கு அவ்வழி பயன்படவில்லை. பயன்படக்கூடிய ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று, இன்னும் கண்டுபிடிக்கப்படாத அதற்கு ஒரு பெயரையும் வைத்துவிட்டுப் போனார். 44 ஆண்டுகளின் பின், 1988இல், அன்ட்ரூஸும் கார்வனும் அதைக் கண்டெடுத்தனர். ஒரு மனிதர் ஓர் அட்டவணையை உற்றுப் பார்த்ததால், ஒரு நூற்றாண்டுக்கு வேலை கிடைத்திருக்கிறது.

1916இல் சொன்ன இன்னோர் ஊகமும் அப்படியே. ஒரு நீண்ட பெருக்கலை விரித்தபோது வரும் எண் வரிசையை அவர் ஆராய்ந்தார். அதில் இரண்டாம் இடத்தில் −24, மூன்றாம் இடத்தில் 252. இரண்டையும் பெருக்கினால் −6,048. ஆறாம் இடத்தில் இருப்பதும் அதுவே. இது தற்செயல் அல்ல என்று அவர் சொன்னதை மறு ஆண்டே மோர்டெல் நிறுவினார். அந்த எண்கள் எவ்வளவு பெரிதாகலாம் என்று அவர் சொன்ன எல்லையை நிறுவ 1974 வரை செல்லவேண்டியிருந்தது. நிறுவிய டெலின் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்றார்.

இனி, ஒரு வைத்தியராக நான் சொல்லவேண்டிய பகுதி.

யுத்த காலத்து இங்கிலாந்து, குளிர், கிடைக்காத மரக்கறி, தானே சமைத்த நேரங்கெட்ட சாப்பாடு, இரவு பகல் தெரியாத வேலை. வீட்டிலோ மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துவரவில்லை. கணவன் மனைவிக்கிடையிலான கடிதங்கள் போய்ச் சேரவில்லை. 1917இல் அவர் படுக்கையில் விழுந்தார். இரவில் ஏறி இறங்கும் காய்ச்சல், வயிற்று நோவு, மெலிவு. பல வைத்தியர்கள் பார்த்தனர். இரைப்பைப் புண் என்றனர், காசநோய் என்றனர், வேறும் சொன்னார்கள். ஒரு சுகநிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். 1918இன் தொடக்கத்தில் மனமுடைந்து, இலண்டனில் சுரங்க ரயில் பாதையில் விழுந்தார். ரயில் சில அடிகளுக்கு முன் நிறுத்தப்பட்டதால் பிழைத்தார். அதே ஆண்டு மே மாதம் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார்; ஒக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினரானார். பெரும் கௌரவங்கள் வந்து சேர்ந்த ஆண்டே அவர் மிகவும் தளர்ந்திருந்த ஆண்டும் என்பதை நாம் மறக்கக்கூடாது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு மனச்சோர்வு வராது என்று எண்ணும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன்.

பட்னியில் படுத்திருந்தபோது, பார்க்க வந்த ஹார்டி தாம் ஏறி வந்த வாடகைக் காரின் இலக்கம் 1729 ஒரு சிறப்பும் இல்லாதது என்று சொல்ல, இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று இராமானுஜன் உடனே பதில் சொன்ன கதை எல்லோரும் அறிந்தது. 12இன் கனமும் 1இன் கனமும். 10இன் கனமும் 9இன் கனமும். நோயாளியின் கட்டிலருகே நிற்கும் எனக்கு அந்தக் கதையில் அவரது கணிதத்தைவிட அவரது நோய்தான் முதலில் கண்ணில் படுகிறது.

1994இல் யங் என்பவர், கிடைத்த குறிப்புகளையெல்லாம் மீண்டும் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அது காசநோய் அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாகவே பெரும்பாலும் இருந்திருக்கும் என்பது அவர் முடிவு. இராமானுஜனுக்கு இந்தியாவில் இருந்தபோதே வயிற்றுளைவு வந்திருந்தது. சரியாகக் குணமாகாத வயிற்றுளைவுக் கிருமி, ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கியிருந்து பின்னர் ஈரலில் சீழ்க்கட்டியை உண்டாக்கும். இரவுக் காய்ச்சலும் மெலிவும் அதற்கும் உண்டு. அதற்கு மருந்தும் அன்று இருந்தது. கல்கத்தாவில் ரொஜர்ஸ் 1912இலேயே எமெற்றீன் ஊசியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார். இன்று இதை உறுதிப்படுத்த வழியில்லை. ஆனால் யங் சொன்னது சரியென்றால், வெப்ப நாட்டிலிருந்து வந்த அந்த நோயாளியிடம் முன்பு வயிற்றுளைவு வந்ததுண்டா என்ற கேள்வியும், அதற்கு அவர் சொல்லக்கூடிய பதிலைப் பற்றிக்கொண்டு மேலே தேடுவதும் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். நோயாளியின் வரலாற்றைக் கேட்கும்போது நான் அவசரப்படும் நாட்களில் இது என் நினைவுக்கு வரும். அன்று பின்னேரம் வரிசை எவ்வளவு நீளமானாலும், இன்னொரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

1919இல் நாடு திரும்பினார். கொடுமுடி, கும்பகோணம், கடைசியாகச் சென்னை சேத்துப்பட்டு. இப்போது பக்கத்தில் ஜானகி இருந்தார். கணவனோடு அவர் உண்மையாக வாழ்ந்தது இந்த ஓராண்டுதான். நோவு கூடும்போது ஒத்தடம் கொடுப்பார். கேட்கும்போது கடதாசி எடுத்துக் கொடுப்பார். எழுதிய தாள்களைப் பத்திரமாகச் சேர்த்து வைப்பார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், தாம் கண்ட புதுவகைச் சார்புகளைப் பற்றி இராமானுஜன் அறிவித்தார். அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தாரே தவிர, அவை எதனால் அப்படி நடக்கின்றன என்ற முழு விளக்கத்தைத் தரவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் திகதி காலமானார். வயது 32.

அந்தக் கடைசி ஓராண்டின் தாள்கள் கடல் கடந்து போய், கைமாறி, மறக்கப்பட்டுக் கிடந்தன. 1976இல் அன்ட்ரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துப் பெட்டியொன்றில் அவற்றைக் கண்டார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். கோடை கடுமையாகும் ஆண்டுகளில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீர் இறங்க, எங்கள் பழைய தெல்தெனியவின் சுவர்கள் வெளியே தெரியும். அவற்றைக் காட்டி, இது கடை, இது வீதி என்று அம்மா சொல்வார். அந்தத் தாள்களைப் பற்றி வாசித்தபோது அதுவே நினைவுக்கு வந்தது. கடைசிக் கடிதத்தின் புதிருக்கு 2002இல் ஸ்வேகர்ஸ் என்ற ஒல்லாந்து மாணவர் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில் விளக்கம் கொடுத்தார். 82 ஆண்டுகள்.

ஜானகி அம்மாளுக்குக் கணவர் இறக்கும்போது வயது 21. பின்னர் தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் தைத்தும் தையல் சொல்லிக் கொடுத்தும் தன் காலில் நின்றார். ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து ஆளாக்கினார். 1994 ஏப்ரலில், 95 வயதில் காலமானார். கணவரின் நோயை மறுபடி ஆராய்ந்த கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அவர் பத்து வயதில் மணமகளாக அமர்ந்த காலத்துக்கும் எமது சங்கம் தொடங்கிய காலத்துக்கும் இடையில் அதிக ஆண்டுகள் இல்லை. பெண் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கரும்பலகையும் வேண்டும் என்று நினைத்த அந்த முதல் அக்காமாரை இவ்வேளையில் நன்றியோடு நினைக்கிறேன். தாள்களைச் சேர்த்து வைத்த கைக்கு அவற்றில் இருப்பதை வாசிக்கவும் கற்றுக் கொடுத்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றும் வரும்.

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் கிழமைகளில், கணிதத்தில் சித்தியடையாத பிள்ளைகளைத் தாய்மார் என்னிடம் அழைத்து வருவார்கள். தலையிடி, வயிற்று நோவு, நித்திரையில்லை என்பார்கள். தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையோடு பேசுவேன். இராமானுஜனும் சித்தியடையவில்லை என்று சொல்லி ஆறுதல்படுத்த நான் விரும்புவதில்லை. எல்லோரும் இராமானுஜன் ஆக முடியாது. பெறுபேற்றுத் தாள் கேட்டது சில கேள்விகளை மட்டுமே என்றும், நீ கேட்க விரும்பும் கேள்வி என்ன என்றும் கேட்பேன். சில பிள்ளைகள் அழுவார்கள். சிலர் சற்று நேரம் இருந்துவிட்டுப் பேசத் தொடங்குவார்கள்.

தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கனடா வரை பரந்திருக்கும் எமது சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த மூன்று வரிகளை எழுதிக் காட்டுங்கள்: 25, 121, 5,041. நான்காவதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடை தெரியாது என்பதை ஒரு கிழமை கழித்துச் சொல்லுங்கள். எமது டீச்சர் தருவதாகச் சொன்ன பரிசு இன்னும் எவராலும் பெறப்படவில்லை.

எமது கல்லூரி அன்னையும் சங்கமும் இன்னுமொரு நூற்றாண்டு சிறப்புற வாழ்த்துகிறேன்.